தெற்குப் பார்த்த அறைகள்

கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய பெட்டியை வெட்டித் திறந்ததும், மிஞ்சி வந்த தாள்களைப் பெர்னடெற் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் மறுசுழற்சித் தொட்டிக்குள் போடுவாள். பதினைந்து வருடமாக இப்படித்தான். அப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. செய்யவேண்டாம் என்றும் சொன்னதில்லை. ஸ்டோர் அறைக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று வந்து பார்க்கிற ஆட்கள் குறைவு.

குரொய்டனில் உள்ள அந்தத் தனியார் கல்லூரி சிறியது. வணிகம், கணக்கியல், ஹோட்டல் நிர்வாகம் மூன்றும்தான் பெரிய பாடங்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், அவர்களில் கணிசமானோர் சீனாவிலிருந்து. அவர்களைச் சேர்ப்பதற்காக அலுவலகத்து ஆட்கள் வருடத்தில் இரண்டு தடவை சீனாவுக்குப் போய் ஊர் ஊராகக் கல்விக் கண்காட்சிகளில் மேசை போடுவார்கள். பெரிய மண்டபத்தில் பல நாட்டுக் கல்லூரிகள் வரிசையாக இருக்கும். தாயும் தகப்பனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேசை மேசையாக வந்து கேட்பார்கள். அந்த மேசையில் விரிக்கும் நீலத்துணியிலிருந்து பின்னால் நிற்கும் பதாகை வரைக்கும் எல்லாம் பெர்னடெற் கட்டிய பெட்டியில்தான் போகும். துணியும் பதாகையும் திரும்பி வரவேண்டும் என்பது ஒழுங்கு. அவை பெட்டிக்குள் ஆடாமல் இருக்க, மேசையில் மிஞ்சிய தாள்களை இடுக்குகளில் திணித்து அனுப்புவார்கள்.

பெர்னடெற் மன்னாரில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். லண்டனுக்கு வந்து, அந்தக் கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஸ்டோருக்கு மாறினாள். அதிகம் பேசமாட்டாள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக எழும்பிப் போவாள். ஆனால் கண் சும்மா இராது.

திரும்பி வந்த பெட்டிகளிலிருந்து அவள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டிருந்தாள். கல்லூரிக்கு எத்தனையாவது இடம் என்று சொல்லும் பளபளப்பான புத்தகம் போன மாதிரியே கட்டுப் பிரியாமல் வரும். இலவசமாகக் கொடுக்கும் பேனா ஒன்றும் திரும்பி வராது. அதிகம் கிறுக்கப்பட்டு வருவது விடுதித் தாள். ஒரு பக்கத்தில் அறையின் வரைபடம், மறுபக்கத்தில் கட்டிடத்தின் வரைபடம். தாய் தகப்பன்மார் மேசையடியில் நின்று கதைக்கும்போது அதில் எழுதிக் காட்டுவார்கள், பிறகு அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். கிறுக்கல்களில் பல அவளுக்கு விளங்காதவை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. உச்சியில் ஒரு சிலுவை, அதன் கீழே சுவர் வைத்த சின்னக் கட்டிடம், கட்டிடத்துக்குள்ளேயும் சிலுவை மாதிரி ஏதோ ஒன்று. எந்த ஊரிலிருந்து வந்த பெட்டியானாலும் அந்த எழுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

முதலில் அவள் அதைத் தேவாலயம் என்று நினைத்தாள். விடுதிக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்போல. நல்ல சனங்கள். ஒருமுறை தங்கள் பங்குக் கோயிலின் பூசை நேரங்களை நாற்பது பிரதி எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நாற்பதும் திரும்பி வந்தன. அலுவலகத்தில் யாரோ அதைக் கண்டு சிரித்து, அந்தக் கதை கொஞ்சக் காலம் ஓடித் திரிந்தது. யார் வைத்தது என்று தேடவில்லை. அதன்பிறகு பெர்னடெற் பெட்டிக்குள் சொல்லாத எதையும் வைத்ததில்லை.

அந்த எழுத்து என்னவென்று அவளுக்குத் தெரியவந்தது போன வருடத்துக்கு முந்திய செப்டெம்பரில். பிள்ளைகள் வந்து இறங்கும் நாட்களில் படுக்கைப் பொதிகளை விடுதி அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலைதான். தலையணை ஒன்று, பஞ்சு வைத்த தடித்த போர்வையான டூவே ஒன்று, விரிப்பு இரண்டு. இரண்டாம் மாடியில் பின்பக்க அறை ஒன்றில் ஒரு தாய் மகளோடு வந்து நின்றாள். மகள் கட்டிலில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கட்டிலையும் பார்க்கவில்லை, அலுமாரியையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டு, தன் போனை உள்ளங்கையில் கிடையாக வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் மலர்ந்து திரும்பி, பெர்னடெற்றின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கி, பொதியின் அட்டையில் அந்த எழுத்தை எழுதினாள். அதே சிலுவை, அதே கட்டிடம். எழுதிவிட்டு வெளியே சூரியனைக் காட்டினாள். போனையும் காட்டினாள். திசைகாட்டியின் ஊசி தெற்கில் நின்றது. அந்த எழுத்து தெற்கு. பிறகு அந்தத் தாய், பெர்னடெற் கொண்டுபோன டூவேயை உறையிலிருந்து உருவி ஜன்னல் விளிம்பில் வெயில்படத் தொங்கவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்பதுபோல மகளைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

அதன்பிறகு பெர்னடெற் கவனித்துப் பார்த்தாள். தாய்மார் பலரும் முதலில் ஜன்னலுக்குத்தான் போனார்கள். முன்பக்க அறைகளில் திரையை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்கள்.

அந்தக் கட்டிடத்தில் அறுபத்துநான்கு அறைகள். முன்பக்கம் வடக்கே பார்த்தது. கீழே அமைதியான தெரு, மரங்கள். பின்பக்கம் தெற்கே பார்த்தது. அங்கே ரயில் பாதை. ரயில் சத்தத்தினால் பின்பக்க அறைகள் மட்டமானவை என்பது அலுவலகத்தின் எண்ணம். சீனப் பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்று முன்பக்கத்தைத்தான் முதலில் ஒதுக்குவார்கள். அந்தத் தாயின் மகளுக்குப் பின்பக்கம் கிடைத்தது, அவர்கள் பிந்திப் பதிந்ததால்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று பெர்னடெற்றுக்கு அப்போது தோன்றவில்லை.

ஜனவரியில் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டார். சீனாவிலிருந்து வருகிற பிள்ளைகள் வருடா வருடம் குறைந்து, போன முறை பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஜூலை முடிவதற்குள் நாற்பது பேர் உறுதி செய்யாவிட்டால் சீனப் பிரிவை மூடுவதாக முடிவு. கண்காட்சிகள் நிற்கும். ஸ்டோர் அறை மாணவர் நலப் பிரிவுக்குப் போகும். ஸ்டோரில் வேலை செய்கிற ஆளைப் பற்றி இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பார்வை மட்டும் கதவுப் பக்கம் ஒருமுறை வந்து போனது. பெர்னடெற்றுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. பதினைந்து வருடம் பெட்டி கட்டியதை எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் தெரியாது.

சீனப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன் முகுந்த். கும்பகோணத்துப் பையன், நாற்பது வயதிருக்கும், எம்பிஏ படித்தவன். ஆறு வருடமாக அந்த வேலையில் இருந்தான். மார்ச் மாதம் செங்டூ, வுஹான் கண்காட்சிகளுக்குப் பெட்டி கட்டும்போது ஸ்டோருக்கு வந்து பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருப்பான். பெர்னடெற் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு டேப் ஒட்டுவாள். அந்தக் கிழமை அவன் குட்மேய்ஸில் வீடு தேடிக்கொண்டிருந்தான்.

"நல்ல வீடுக்கா. மூணு ரூம், ஸ்டேஷன் பக்கம். ஆனா தெற்கு வாசல். வேண்டவே வேண்டாம்னு அப்பா போன்லயே கத்துறார். எங்கப்பா நரசிம்மன் சொன்னா அப்பீல் கிடையாது."

"இஞ்ச லண்டனிலையுமோ தம்பி?"

"லண்டன்ல மட்டும் எமன் வரமாட்டானா?" என்று சிரித்தான். "சீனாக்காரங்களும் நம்ம மாதிரிதான்கா. மேசைக்கு வந்தா கண்டிப்பா திசை கேப்பாங்க. ரூம் தெற்கான்னு ஒரே கவலை. நான் உடனே சொல்லிடுவேன், கவலையே படாதீங்க, உங்க பிள்ளைக்குத் தெற்கு பாத்த ரூம் குடுக்கவே மாட்டோம், எல்லாம் வடக்குதான்னு. அப்பதான் நிம்மதியாப் போவாங்க."

பெர்னடெற்றின் கையில் டேப் அப்படியே நின்றது.

"போறவை திரும்பி வாறவையோ?"

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை" என்றாள்.

வீட்டில் கஸ்பரிடம் சொன்னாள். கஸ்பர் அவள் கணவன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தோர்ண்டன் ஹீத்தில் அவர்களுடைய பிளாட்டின் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப போய்ச் சொல்லுமன்."

"என்னெண்டு சொல்லுறது? அந்தப் பிள்ளை எம்பிஏ படிச்சது. ஆறு வருசமா வந்த சனத்தைத் தானே துரத்தினது எண்டு நான் போய்ச் சொல்லுறதோ?"

"சொன்னால் என்ன, கடிக்கவே போறார்?"

"பிழையா இருந்தால்? பூசை நேரம் வைச்சனான் எல்லோ, அதுமாதிரி."

"எனக்கெண்டால் காலமை எழும்பினதிலயிருந்து பிழை சொல்லுறீர். அதுக்கு எம்பிஏ கேக்கிறேல்லை" என்றார் கஸ்பர்.

அவள் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக, சனிக்கிழமை விடுதிக்குப் போனாள். காவலாளியிடம் திரைச்சீலை பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி, பின்பக்கத்தை மாடி மாடியாக நடந்து பார்த்தாள். போனிலிருந்த திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். முப்பத்திரண்டு அறைகள் தெற்கே பார்த்தன. அவற்றில் கடைசி நான்கிலும் பக்கத்துக் கார் நிறுத்தும் கட்டிடத்தின் நிழல் விழுந்தது. மிச்சம் இருபத்தெட்டு. விடுதித் தாள் ஒன்றை எடுத்து, கட்டிட வரைபடத்தில் அந்த இருபத்தெட்டு அறைகளிலும் மஞ்சள் பேனாவால் சின்னச் சூரியன் போட்டாள். திங்கட்கிழமை செங்டூ பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாளை வைத்து, மூடி ஒட்டினாள். அங்கே பெட்டியைத் திறந்ததும் முகுந்த் கண்டுகொள்வான். வாய் திறக்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது. முகுந்த் அதைக் கண்டுகொள்வான்தான். தெற்கு அறைகள் எவை என்று அக்கா குறித்து உதவியிருக்கிறா என்று சந்தோஷப்படுவான். எந்த இருபத்தெட்டு அறைகளைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இனி அவனிடம் பட்டியலும் இருக்கும். கேட்கிற தாய்மாருக்கு இதுவரை வாயால் சொன்னதை இனிப் படம் போட்டுக் காட்டுவான்.

கூரியர் பதினொரு மணிக்கு வரும். அவள் ஸ்டோருக்குள் போனபோது ஒன்பதே கால். பையைக்கூட இறக்கி வைக்காமல் கத்தியை எடுத்துப் பெட்டியை வெட்டினாள். தாளைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோது வாசலில் முகுந்த் கோப்பியோடு நின்றான்.

"என்னக்கா, ஒட்டின பெட்டியத் திறந்துட்டீங்க?"

"ஒரு பேப்பர் வைச்சனான் தம்பி. அதை எடுக்கிறன்."

"என்ன பேப்பர், குடுங்க." வாங்கிப் பார்த்தான். "சூரியனெல்லாம் போட்டிருக்கீங்க."

"அது தெற்கு பாத்த அறையள்."

"அட. சூப்பர்கா. இதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன் நம்ம ஆளுங்ககிட்ட. இந்த ரூமையெல்லாம் விட்டுட்டு மத்ததக் காமிச்சா..."

"இல்லைத் தம்பி." அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "அவை கேக்கிறது அந்த அறை வேணுமெண்டு."

முகுந்த் கோப்பியை அலமாரியில் வைத்தான். "யார் சொன்னா?"

அவள் சொன்னாள். ஜன்னலுக்குப் போன தாயை, போனிலிருந்த ஊசியை, வெயிலில் தொங்கிய டூவேயை. தாள்களில் வருடக்கணக்காக வந்த எழுத்தையும் சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள்.

"அவைக்குத் தெற்கு எண்டால் வெயில். எங்கட ஆக்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முந்தி நானும் பிழையாத்தான் விளங்கினனான். கோயில் கேக்கினமாக்கும் எண்டு பூசை நேரம் வைச்சனான்."

"அந்தப் பூசை நேரம் நீங்கதானா? ஆபீஸ்ல இன்னிக்கும் அந்தக் கதையச் சொல்றாங்க."

"ஓம்" என்றாள்.

முகுந்த் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோய், கட்டிவைத்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான். போனை எடுத்துச் செங்டூவில் தனக்கு மொழிபெயர்க்கிற பெண்ணுக்குச் செய்தி அனுப்பினான். அங்கே பின்னேரம். பத்து நிமிடத்தில் பதில் குரலாகவே வந்தது. இங்கிலீஷில், இடையிடையே சிரித்துக்கொண்டு பேசினாள். ஓம், எல்லாருக்கும் தெற்கு அறைதான் வேண்டும். அவன் இல்லையென்று சொல்கிறபோது, உள்ளதை மறைக்காத மனிதன் என்று நினைத்து அப்படியே மொழிபெயர்த்தாளாம். தன் கட்டிடத்தின் குறையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற ஒருவரை வேறு எந்த மேசையிலும் அவள் கண்டதில்லையாம்.

முகுந்த் அதை இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டான்.

"ஆறு வருஷம்கா. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன்."

பெர்னடெற் வெட்டிய பெட்டியின் மூடியை மடித்து அழுத்தினாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கள் அங்க என்ன சொல்லுறனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே. போன கிழமைதான் தெரிஞ்சது."

"போன வாரமே சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

அவன் எழும்பி அந்தத் தாளை நகல் எடுக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோனான். பெர்னடெற் காகிதம் நிரப்பிக் கொடுத்தாள். கலரில் முந்நூறு பிரதி. கூரியர்காரன் வந்து நிற்க, சூடு ஆறாத தாள்களைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினார்கள். சூரியன்களில் சில கோணலாக இருந்தன. சரியாகப் போட்டுத் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, நேரம் இல்லை என்றான் முகுந்த்.

முகுந்த் செங்டூவுக்குப் போன நான்காம் நாள் அவளுடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் மண்டபத்து இரைச்சல். "அக்கா, சூரியன் பேப்பர் தீந்துபோச்சு. இன்னொரு முந்நூறு வுஹானுக்கு அங்கயே பிரிண்ட் போடச் சொல்லியிருக்கேன். ரயில் சத்தம் இருக்கும்னும் சொல்லிட்டேன். ஒரு அம்மா, முதல் ரயில் எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டாங்க. அஞ்சேகால்னேன். பரவாயில்ல, பிள்ள நேரத்துக்கு எந்திரிக்கும்னாங்க."

பெர்னடெற் அதைக் கஸ்பருக்குப் போட்டுக் காட்டினாள். கஸ்பர், "இப்ப எம்பிஏ ஆருக்கு?" என்றார்.

இருபத்தெட்டு தெற்கு அறைகளும் மே மாதத்துக்குள் முடிந்துவிட்டன. அதன்பிறகு வேகம் நின்றது. சூரியன் போட்ட அறை இல்லை என்று தெரிந்ததும் சிலர் வேறு கல்லூரிக்குப் போனார்கள். ஐந்து பேர் முன்பக்கத்தை ஒத்துக்கொண்டார்கள். ஜூலை கடைசியில் மொத்தம் முப்பத்துமூன்று. நாற்பது ஆகவில்லை.

கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டபோது பெர்னடெற் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இயக்குநர் எண்ணை வாசித்தார். என்ன மாற்றினீர்கள் என்று முகுந்தைக் கேட்டார். அவன் விஷயத்தைச் சொல்லி, கண்டுபிடித்தது பெர்னடெற் என்றான். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். இயக்குநர் நன்றி சொன்னார். ஏன் முதலே சொல்லவில்லை என்று அவரும் கேட்டார். பெர்னடெற் தலையை ஆட்டினாள்.

மூடவில்லை, சுருக்கினார்கள். கண்காட்சிக்குப் போகும் ஆறு ஊர் இரண்டு ஊராகியது. முகுந்துக்கு வியட்நாமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டோர் அறையில் பாதியைத் தடுப்புப் போட்டு மாணவர் நலப் பிரிவு எடுத்துக்கொண்டது. செப்டெம்பரில் பின்பக்க ஜன்னல்களில் டூவேக்கள் தொங்கின. பாதுகாப்புக் கருதி அப்படித் தொங்கவிடக்கூடாது என்று விடுதி நிர்வாகம் அறிவித்தல் ஒட்டியது. அறிவித்தல் இருக்கிறது, டூவேக்களும் தொங்குகின்றன. விடுதித் தாளைப் புதிதாக அச்சடித்தபோது வடிவமைப்பாளர் சூரியன்களை எடுத்துவிட்டு மூலையில் திசை அம்பு ஒன்றைப் போட்டார். முகுந்த் குட்மேய்ஸில் வீடு வாங்கிவிட்டான். கிழக்கு வாசல்.

பெர்னடெற்றுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. ஐந்து நாள் வேலை மூன்று நாளாகிவிட்டது. திங்கள், செவ்வாய், வியாழன் போகிறாள். போன மாதம் வுஹானிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. மிஞ்சிய தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். வரைபடத்தில் சமையலறைக்குப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாத ஓர் எழுத்து நான்கைந்து தாள்களில் இருந்தது. அந்தத் தாள்களைத் தனியே எடுத்து முகுந்தின் மேசையில் வைத்திருக்கிறாள்.